சொட்டாமல் குறைந்த எண்ணெய்

கரண்ட் வருகிற மாதிரி தெரியவில்லை, நெருங்கி உட்காருங்கள். ஆனால் இது ராத்திரி நடந்த கதை இல்லை. பட்டப்பகல், மத்தியான வெயில். பேய் என்ன, நைட் ஷிஃப்ட் மட்டும்தான் பார்க்குமா?

ஆள் நடமாட்டமில்லாத சாலை. ஓரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். நண்பன் ஒருவனின் சித்தப்பாவுடையது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி மக்கர் பண்ணினால் அவரிடம்தான் போவார்கள். கூட வேலை பார்த்தவன் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. "அவனப் பாத்துக்கோங்க" என்று அவள் தினமும் சொல்லித்தான் அனுப்புவாள்.

அன்று ஒரு பழைய காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து, ஷெட் சுவரைப் பார்க்க நிறுத்தினார்கள். கூடவே ஒரு அம்மா.

"முன்னால போற டி கியரப் போட்டா இஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரர் இருந்தப்பவும் இப்படித்தான். அவர் போனப்புறம் கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு."

"எப்படிம்மா போனாரு?"

அந்த அம்மா பானட்டையே பார்த்தாள்... சாவியை அவர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

கியர் எண்ணெயை இஞ்சின் ஓடும்போதுதான் அளந்து பார்க்க வேண்டும். சித்தப்பா அளவுக் கம்பியை உருவினார். நுனியில் ஒரே ஒரு பொட்டு. கருஞ்சிவப்பு. கருகின வாடை... அதற்கடியில் பச்சை இறைச்சி வாடை. கீழே படுத்துப் பார்த்தார். எங்கேயும் ஒழுகல் இல்லை. அப்புறம் எண்ணெய் எங்கேதான் போகிறது?

உள்ளே உட்கார்ந்து ரிவர்ஸ், டி என்று மாற்றி மாற்றிப் போட்டார். ம்ஹூம். இஞ்சின் அலறியதே தவிர சக்கரம் அசையவில்லை. இஞ்சினை ஓடவிட்டபடியே கியரைப் பார்க்கிங்கில் போட்டு இறங்கினார். அங்கேதான் தப்பு பண்ணினார். எல்லா வண்டிக்கும் சக்கரத்தடியில் கட்டை வைப்பவர், இதற்கு வைக்கவில்லை. இழுக்காத வண்டி எங்கே ஓடப் போகிறது என்ற நினைப்பு.

"மாமா, புது எண்ணெய ஊத்தட்டா?" மச்சினன் டின்னோடு முன்னால் போய்க் குனிந்தான்.

டக்.

சீட்டில் யாருமில்லை. கியர் குச்சி தானாக டி-யில் விழுந்தது. வண்டி பாய்ந்து அவனைச் சுவரோடு அறைந்தது. தொடையெலும்பு முறிந்தது, பச்சை மூங்கிலை ஒடித்த மாதிரி. டக். பின்னால் போனது. அவன் கீழே சரியக்கூட நேரம் கொடுக்கவில்லை. டக். மறுபடி சுவர். செங்கல் உதிர்ந்தது... அவன் வாயிலிருந்து ரத்தம் பானட் மேல் கொட்டியது.

கதவு திறக்கவில்லை. சித்தப்பா ஸ்பானரால் கதவுக் கண்ணாடியை உடைத்து, கை கிழியக் கிழியச் சாவியை உருவினார். சாவி கையில் இருக்கிறது... இஞ்சின் நிற்கவில்லை.

"அவன விட்ரு! என்ன எடுத்துக்க!"

டக். அந்த நிலையிலும் அவர் காது கவனித்தது. கியர் நழுவவே இல்லை, வெண்ணெய் மாதிரி விழுந்தது.

பிறகு இஞ்சின் தானே அணைந்தது. மச்சினனுக்கு உயிர் இல்லை. அப்போது போய் அந்தக் கம்பியை ஏன் உருவினோம் என்று சித்தப்பாவுக்கே தெரியாது. எண்ணெய் முழு அளவு இருந்தது. புத்தம் புதுச் சிவப்பு. புது எண்ணெய் டின்னோ மூடிகூடத் திறக்காமல் சுவரோரம் கிடந்தது.

மனைவி அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள். ஷெட்டை மூடிவிட்டார். காரை யாரோ வாங்கினார்கள், விற்றார்கள்.

போன வாரம் ஒரு போன். தெரியாத குரல்.

"அண்ணே, உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியும்னாங்க. பழைய ஆட்டோமேட்டிக். டி போட்டா இழுக்கல. எண்ணெய் கொறஞ்சுக்கிட்டே போகுது, கீழ ஒரு சொட்டுகூட இல்ல."

பின்னால் இஞ்சின் ஓடும் சத்தம்.

"தம்பி... வண்டிக்கு முன்னாடி யாராவது நிக்கிறாங்களா?"

"என் சம்சாரம்தாண்ணே, டார்ச் அடிச்சுக்கிட்டு நிக்கிறா. ஏன் கேக்கறீங்க?"

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள், போனில் தெளிவாகக் கேட்டது.

டக்.