மகன் வரட்டும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை கோசி அச்சன் அவர்களே, மேடையில் இருக்கும் எங்கள் மருத்துவமனை நிர்வாகிகளே, முன்வரிசையில் இருக்கும் சாரின் மனைவி அன்னாம்மா சேச்சி, மூத்த மகன் ஜிபு, மற்றும் திருவல்லா ஊர்மக்களே! நான் உருகிப் பேசுவேன் என்று நினைத்து மைக்கைக் கொடுத்திருந்தால் மன்னித்துவிடுங்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

நம் டாக்டர் ஈப்பன் தரகன் யார்? வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் தொடை எலும்பின் தலை பொருந்தியிருக்கும் இடுப்புக் குழி நொறுங்கிப் போகும். "இந்த வயசுல கத்தி எதுக்கு? கால்ல எடை கட்டிப் படுக்க வைங்க" என்று ஜில்லா முழுக்கச் சொன்ன காலத்தில், தகடு வைத்துக் குழியைச் சேர்த்து, செயற்கை மூட்டும் பொருத்தி, சீக்கிரமே எழுப்பி நடக்க வைத்தவர். எல்லோரையும் அறுத்தாரா? இல்லை. உடைந்த எலும்பு இடம் நகராதவர்களைக் கத்தியில்லாமலே நிற்க வைத்தார். படுக்கப் போட்டால் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், ஆள் போய்விடுவார். அவரிடம் தொழில் கற்ற டாக்டர்களான எங்களுக்கு இதைத்தான் தினமும் சொன்னார்.

எலும்போடு அவர் சண்டை போட்டதில்லை. அவர் சண்டை போட்டது "மகன் வரட்டும்" என்ற பேச்சோடு. துபாயிலிருந்து வரட்டும், லீவு கிடைக்கட்டும், அதுவரை அப்பச்சன் படுத்திருக்கட்டும். நம்மில் எத்தனை பேர் இதைச் சொல்லியிருக்கிறோம்? மகன் வந்து சேர்வதற்குள் உடைந்த எலும்பு கோணலாக ஒட்டத் தொடங்கிவிடும்.

வாத்து மேய்க்கும் அவுதக்குட்டி சேட்டன் அதோ, கடைசி வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கிறார். வரப்புச் சேற்றில் விழுந்து வந்தார். சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, குவைத்திலிருக்கும் மகனுக்காகக் காத்திருந்தார்கள். ஈப்பன் சார் அவர்களை விலக்கிவிட்டு, "சேட்டா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"மகன் குவைத்துல இருக்கான் சாரே. இடுப்பு என்கிட்டல்லா இருக்கு? பண்ணுங்க. கக்கூஸுக்கு நானே போகணும்."

அவ்வளவுதான். மறுநாளே அறுவை சிகிச்சை.

அப்படிப்பட்டவர் இந்த மழையில் சர்ச்சில் குர்பானா பூசை முடிந்து வந்து, தன் வீட்டு போர்ட்டிகோவிலேயே வழுக்கி விழுந்தார். அதே குழி, அதே முறிவு. எக்ஸ்ரேயைத் தானே பார்த்துவிட்டு, "எடி ரேச்சலே, நாளைக்கே பண்ணு. இவ்வளவு நாள் கத்துக்கிட்டதை என் இடுப்புலயே பரீட்சை எழுது" என்று சிரித்தார். நான் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்தேன்.

அவருடைய அண்ணன் சாண்டி சார் குறுக்கே நின்றார். "மூத்த மகன் இல்லாம இவனை உள்ள தள்ளினா, ஊரு என் மூஞ்சில துப்பும்."

டொராண்டோவிலிருந்து ஜிபு போனில் கெஞ்சினான்: "பெரியப்பா, அப்பச்சன் சொல்றபடியே செய்யுங்க." அது போதவில்லை. "போன்ல அப்படித்தான் சொல்லுவான். வந்து கண்ணால பாக்கட்டும்" என்றார் சாண்டி சார். நிர்வாகிகளே, குடும்பம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று தியேட்டரைப் பூட்டியது நீங்கள். சுயநினைவோடு இருந்த மனிதர், தன் கையெழுத்தைத் தானே போடக்கூடியவர், வார்டில் கத்திக்கொண்டிருந்தார். அவர் கட்டிய வார்டு அது.

பிறகு சளி கட்டியது. காய்ச்சலில் நினைவு தப்பியது. ஜிபு விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே ஐ.சி.யு.வுக்கு வந்தபோது அப்பாவுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. ஜிபு, உன் மேல் எனக்குக் கோபமில்லை. உன் பேரைச் சொல்லித்தான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

சாரின் படத்துக்கு மாலை போட்டுவிட்டீர்கள், அது போதும். நாளை காலை முதல் எங்கள் வார்டில் கட்டிலில் கிடப்பவரிடம்தான் முதலில் கேட்போம். நினைவோடு அவர் சரி என்றால் அது சரி. பூட்டுவதற்கு யாரும் வராதீர்கள், நான் வாசலிலேயே நிற்பேன்.

இன்று இந்தக் கூட்டத்துக்கு உள்ளே வரும்போது அவுதக்குட்டி சேட்டன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "மோளே, சாருக்கு என்ன வேணும்னு அவர்கிட்ட யாரும் கேக்கலையா?"

கேட்டோம் சேட்டா. அவர் சொல்லவும் செய்தார்.