பிளேன் எண்ணயும் ஒரு மீசையும்

— ...நம்பலன்னா போ கேத்தி. ஆயர் குரோ மேட்டுல இந்த மோட்டர் சைக்கிளு முன்னெல்லாம் முக்கி முக்கி ஏறும்ல? நேத்து கியர்கூட எறக்கல. சர்ருன்னு ஏறிருச்சு.

— ம்ம்.

— என்னா ம்ம்? பிளேனுக்கு ஊத்துற எண்ணலா அது. ஏர்போர்ட்ல வேல செய்யிற நம்ம புவனேந்திரன் கொண்டாந்தது. சும்மாவா?

— இந்த ஓட்ட மோட்டரு பறந்துச்சாக்கும்.

— பறக்குது. உம்பாய் மீன் கடை வரைக்கும் ஒங்கண்ணன் பிராங்க்ளின் என் பொகையத்தான் பாத்துக்கிட்டு வரப்போறான். மொதல்ல போயி சேர்றவன் கெலிச்சான்.

— பந்தயம் என்னா?

— ம்... சுட்ட மீன்தான். தோத்தவன் வாங்கித் தரணும்.

— மோனிக்கா அண்ணி வேற மாதிரில்ல சொன்னாங்க.

— அவங்க வாய் இருக்கே... என்னா சொன்னாங்க?

— நீங்களே சொல்லுங்க.

— ...தோத்தவன் மீசய எடுக்கணும். அங்கயே, மீன் கடையில, எல்லாரும் பாக்க.

— அட ஆண்டவரே. அடுத்த வாரம் மவளுக்கு நிச்சயம். மாப்பிள வீட்டு ஆளுங்க முன்னாடி மொட்ட ஒதட்டோட நிப்பீங்களா?

— நான் ஏன் நிக்கிறேன்? மொளச்சதுலேர்ந்து பிளேடு படாத மீச இது. தோக்கறதுக்கா பிளேன் எண்ண வாங்குனேன்? மிச்சம் டின்னுல இருக்குல்ல, எடு. ரொப்பிட்டு கெளம்பணும்.

— அது... டின்னு...

— என்னா டின்னு?

— காப்பி ஆறுது பாருங்க. குடிச்சிட்டு...

— கேத்தி. டின்னு எங்க?

— கோவப்படமாட்டீங்களே?

— மொதல்ல சொல்லு. அப்புறம் பாப்போம்.

— அன்னிக்கி நீங்க மோட்டர விட்டுட்டு வேலைக்கி போறப்ப, குகன் வர்க்‌ஷாப்புல குடுத்து ஊத்தச் சொல்லுன்னீங்கல்ல. அவன் மூடிய தொறந்து மோந்து பாத்தான். அக்கா, இது ஜெட்டுக்கு ஊத்துறது, நம்ம மண்ணெண்ண மாதிரி. இத ஊத்துனா மோட்டரு வெள்ளையா பொகைய கக்கிட்டு நடு ரோட்டுல படுத்துரும்னான்.

— அவன் கெடக்கான். அதான் ஊத்தியாச்சே, நல்லாத்தானே ஓடுது.

— ஊத்தல. ஒங்க டேங்க்ல இருக்கறது முக்கு ஸ்டேசன்ல அடிச்ச சாதா பெட்ரோலு.

— ...அப்ப அந்த மேடு?

— மோட்டரு அதே மோட்டருதான். ஒங்களுக்குத்தான் ரெக்க மொளச்சிருச்சு.

— போச்சு. லோரிக்காரன்லேர்ந்து சர்ச்சு ஃபாதர் வரைக்கும் பீத்திட்டு வந்திருக்கேன். அன்னிக்கே சொல்றதுக்கென்னா?

— அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. மனசு வரல.

— அப்ப ஒங்கண்ணன் கெலிச்சான். ரேசர எடு. மீன் கடையில மானம் போறதுக்கு பதிலா நீயே செரச்சிரு.

— பதறாதீங்க. நேத்து அண்ணன் வந்துச்சு. அந்தப் பிளேன் எண்ண எனக்கும் வேணும், ஒன் புருசன் டெரன்ஸ்கிட்ட சொல்லாதன்னு ஒரே கெஞ்சலு.

— குடுத்தியா?

— டின்னோட. நீங்க குளிச்சிட்டு இருந்தப்பதான் அண்ணி போன் பண்ணுனாங்க. புக்கிட் பெருவாங் சிக்னல்கிட்ட அண்ணன் மோட்டர தள்ளிக்கிட்டு வருதாம். ஒரே வெள்ளப் பொகையாம்.

— அடிப்பாவி. கூடப்பொறந்தவன்டி. நிச்சயத்துல தாய்மாமன் மீச இல்லாம நிக்கணும். அதுக்கு மட்டும் மனசு வந்துச்சா?

— அண்ணன் மூஞ்சிய அண்ணி பாத்துக்குவாங்க. மீச இல்லாத ஒங்க மூஞ்சிய தெனமும் காலையில எந்திரிச்சி நான்தானே பாக்கணும்.