சினேக விருந்தும் புஷ்பபாய்க்க பாரமும்

...அதில்ல மக்கா, ஒரு பொம்பளைக்கி எத்தன வேலதான் தாங்கும்? இரி, அந்த கசேரய இழுத்துப் போட்டு இரி. எதிர்வீட்டுக்கு குடிவந்து மூணு மாசம் ஆவுது, இஞ்ச ஒருநாளு வந்து இருந்திருக்கியா ஜெஸி? இப்பமும் நாளைக்கு நடக்குத சபை சினேக விருந்துக்கு, முன்னூறு பேருக்கு அவியலுண்ணா தேங்கா எத்தனண்ணு கேக்கத்தானே வந்த? சொல்லுதேன், சொல்லுதேன்.

பதினெட்டு வருசமாட்டு அந்த சபை அடுப்படி எனக்க தலையிலயாக்கும். அதுக்க கூட பாட்டுக்குழு, சண்டே ஸ்கூலு, பெண்கள் சங்கம்... வீட்டுல எங்க ஆளுக்கு சுகரு, தனிக் கஞ்சி. மருமவ ஜிஜா நர்ஸு வேலைக்கு அயர்லாந்து போவ இங்கிலீஷு படிக்கா இல்லியா, அவதான் சொன்னா, ‘அம்மே, இதுக்கு பர்டண்டுண்ணு ஒரு சொல்லு உண்டு, பாரம் ஏறி நிக்கதுண்ணு அர்த்தம்’ண்ணு. தலையில சொமடு இருக்கணும்ணு இல்லயாம். வேலையும் கவலையும் ஏறி ஒருத்தி குனிஞ்சு நிண்ணாலும் அப்பிடிச் சொல்லலாமாம். ‘ஐ ஆம் பர்டண்டு வித்’ண்ணு தொடங்கிட்டு, பின்னால எத வேணும்னாலும் கெட்டி விடலாம். எனக்குண்ணே உண்டாக்குன சொல்லு.

பின்ன விடுவேனா? பஸ்ஸுல சொன்னேன், பேங்குல சொன்னேன். மீனு கொண்டுவாற ஆலீஸுகிட்டயும் சொன்னேன். பாவம், அவ தலையில மீன் சருவத்தோட நிண்ணு முழுக்க கேட்டுட்டுப் போனா.

அதோட நிறுத்தியிருக்கலாம். கமிட்டில எழும்பி நிண்ணு, சபைக்கு வந்த புது அச்சன் முன்னால, ‘ஐ ஆம் பர்டண்டு வித் திஸ் கிச்சன்’ண்ணு சொல்லிட்டேன். பழைய அச்சன்னா, ‘புஷ்பபாய் இல்லாம விருந்தா’ண்ணு கேப்பாரு, நானும் கொஞ்சம் முறுக்கிட்டு சரிண்ணுவேன். எல்லா வருசமும் அப்பிடித்தானே. இவரு நல்ல மனுசன். கண்ணு கலங்கிப் போச்சு அவருக்கு. ‘அம்மச்சி, இனி ரெஸ்ட் எடுக்கணும்’ண்ணு சொல்லி, அடுப்படிய தூக்கி ஒனக்குத் தந்துட்டாரு.

நாலு நாளாட்டு ரெஸ்ட் எடுத்து எனக்கு முதுகு வலிக்கி. சபை அடுப்படியில பாத்திரம் கழுவுத சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்குது... உள்ளதச் சொன்னா, கண்ணீரும் கரச்சிலுமாட்டு வருது மக்கா. வாய வெச்சுட்டு சும்மா இருந்திருக்கணும்.

எழும்பிட்டியா? தேங்காக் கணக்கு சொல்லல்லியே. சொல்லமாட்டேன், போ. நேரா அச்சன்கிட்ட போய், ‘எனக்கு ஒத்தைக்கு முடியாது, புஷ்பபாய் மாமியக் கூப்பிடணும்’ண்ணு சொல்லு. நான் சொல்லித்தந்தேண்ணு சொல்லாத. அச்சன் வந்து கூப்பிட்டா, மொத தடவ நான் மாட்டேண்ணுதான் சொல்லுவேன். ரெண்டாவது ஒருக்க கூப்பிடச் சொல்லு, கேட்டியா... ஜெஸீ, மறக்காத, ரெண்டு தடவ.