நாலு வால்

— கடைசி ஓட்டையில மாட்டிடு தம்பி. ஜெய்னபா பூத்துக்கு அது போதும்.

— பெரியக்கா, எதுல மாட்டினாலும் ஒண்ணுதான். எல்லாத்துலயும் ஒரே கரண்ட்டுதான் ஓடுது.

— உனக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு இல்ல, கேட்டுக்க. இந்த தியெஸ் ஊர்ல, ஸ்டேஷன் ரோட்டுல, முதல் டெலிபோன் பூத் யாரோடது? இந்த நொகாயோடது. எங்க வீட்டுக்காரரு டக்கார்ல பழைய கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்தப்ப முதல்ல யாரு மீட்டர இதுல கோத்தாங்க? என் மீட்டர. நேத்து வந்தவ மீட்டரும் இதே மெஷின்ல வந்து உக்காரணுமா?

— சின்னக்காவக் கட்டிக்கிட்டு ஆறு வருஷமாச்சுன்னு அலசான் அண்ணன் சொன்னாரே.

— எனக்கு அது நேத்துதான்.

— சரி, சரி. மூடியக் கழட்டறேன், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உள்ள ஒரே மணலு.

— மூணு வாரமா வடக்குக் காத்து. சோத்துலயே மணல் கடிபடுது, அதுக்குள்ள இருக்காதா. இதுதான் அந்தக் கார்டா? இதுக்கா காவ்லாக்லேர்ந்து பஸ் ஏறி வந்த?

— இதேதான். இந்தத் தங்கக் கலர் பல்ல ஸ்லாட்டுல வச்சு அழுத்தணும். பின்னாடி இந்தக் கேபிள் போகும்.

— இதென்ன, ஒரு தலைக்கு நாலு வாலு?

— நாலு போர்ட் பெரியக்கா. ஒவ்வொரு வால்லயும் ஒரு மீட்டர் மாட்டலாம். இந்த மெஷினோட முதுகுல ரெண்டே போர்ட்டுதான். ஒண்ணுல மவுஸ், இன்னொண்ணுல உங்க மீட்டர். அது அங்கேயே இருக்கட்டும். சின்னக்கா மீட்டர் கார்டோட மொத வால்ல.

— மொத வாலா.

— கார்டுல மொத வாலு. மெஷின் வரிசையில உங்களுக்கு அப்புறம்தான்.

— அப்ப சரி. ஆனா அவ ஒருத்தி பூத்துக்கு எதுக்கு நாலு?

— ரெண்டு வால் கார்டும் கடையில இருந்துச்சு, விலையும் கம்மி. அண்ணன்தான் நாலே வாங்குன்னாரு.

— எட்டு வால் உண்டா?

— உண்டு.

— அதக் கேக்கலையே. அதுவரைக்கும் மனுஷன் மார்க்கத்துக்குள்ள நிக்கறாரு.

— நீங்க இப்படிச் சிரிச்சுப் பேசறதுதான் பெரியக்கா எனக்கு நிம்மதி. எங்கம்மா கிளம்பும்போதே சொன்னாங்க. அந்த வீட்டுல உன்ன எப்படி நடத்துவாங்களோ, பதவிசா நடந்துக்க உசைனுன்னு.

— அம்மாவுக்கு சலாம் சொல்லு. எப்படி நடத்தினேன்னு மத்தியானம் சோத்துக் கிண்ணத்துல பார்த்தியே.

— மீன்ல நடுத்துண்டப் பிச்சு என் பக்கமே தள்ளி வச்சீங்க. மறப்பேனா.

— சும்மா தள்ளல, கேட்டுக்க. பின்கட்டுல நீலப் பெயிண்ட் அடிச்சு புதுசா ஒரு பூத் நிக்குதே. அதுக்கும் ஒரு வால் ரெடி பண்ணிடு.

— அதுக்கும் சேர்த்துத்தான் அண்ணன் சொல்லியிருக்காரு. எந்த பூத்துல யாரு பேருன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துட்டாரு. கடைசியில டைப் பண்ணணும்.

— பேரே எழுதிட்டாரா. அப்ப முடிவே பண்ணிட்டாரு. ரெண்டு மாசமா கேக்கறேன், சிரிச்சுட்டுப் போறாரு. யாருக்குன்னு எனக்குத் தெரியாதா என்ன. பதினெட்டு வருஷம் வாழ்ந்தவ.

— உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நானும் நினைச்சேன்.

— ஜெய்னபாகிட்ட மட்டும் இப்பவே சொல்லிடாத. தாங்க மாட்டா.

— சொல்ல மாட்டேன் பெரியக்கா. எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு.

— பெரிய மனசெல்லாம் இல்ல. பொறாமைதான். வெளிய சொல்ல எனக்கு வெக்கம் கிடையாது. அவ இந்த வாசப்படி மிதிச்ச நாள்லேர்ந்து என் சோத்துக்கு உப்பு ஒறைக்கல. அந்த நீல பூத் என் கண்ணு முன்னாடி அவளுக்குப் போயிருந்தா, கம்ப்யூட்டரத் தூக்கிக் கெணத்துல போட்டிருப்பேன்.

— டீ கொண்டாந்திருக்கேன். மொத ரவுண்டு, கசக்கும். எதுவோ கெணத்துல விழுந்த மாதிரி கேட்டுச்சு.

— ஒட்டுக் கேட்டியா ஜெய்னபா?

— எனக்கென்ன அக்கா. நான் வாயே திறக்கல. உங்க பூத்துல ஒரு ரயில்வேக்காரர் நிக்கறாரு. பாரிஸுக்குப் பேசணுமாம்.

— வரேன். தம்பி, நான் வர்ற வரைக்கும் எவ மீட்டரையும் மாட்டாத.

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க சின்னக்கா.

— சீனி போதுமா தம்பி? ரெண்டாவது ரவுண்டுல இன்னும் ரெண்டு கட்டி போடறேன். மூணாவது தேனாட்டம் இருக்கும். உனக்கு மட்டும் தனியா நொரை ஆத்திக் கொடுக்கறேன்.

— ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு கவனிக்கறீங்க. கார்டு மாட்டக் காசு கொடுத்தாலும் நான் எப்படி வாங்குவேன்.

— காசு வாங்கலையா நீ?

— உங்ககிட்டயா?

— நல்ல பிள்ளைப்பா நீ. எனக்கென்ன, நான் யாரையும் கொற சொல்றவ இல்ல. ஆனா பாரு, என் பூத்துல ஒருத்தன் பேசினா அத அக்கா நோட்டுல எழுதி, அக்கா பேர்ல சீட்டு அடிச்சுக் கொடுக்கறாங்க. ஆறு வருஷமா. புருஷன்கூட ரெண்டு நாளு அவங்க வீடு, ரெண்டு நாளு என் வீடுன்னு முறை வச்சு வராரு. இந்த மெஷின் மட்டும் ஏழு நாளும் அவங்களுக்கு.

— இன்னையோட அது சரியாயிடும். உங்க பேரு திரையில வரும்.

— நெசமாவா.

— நீங்களே பார்ப்பீங்க.

— அதுக்கு ஒரு ஆட்டையே அறுக்கலாம். இதென்ன, நகத்தளவுல கறுப்பா?

— அதுவா. மீட்டர்ல நிமிஷம் ஓடும்போது கார்டு மெஷினக் கூப்பிட்டுச் சொல்லணும். அப்படிக் கூப்பிட ஒரு நம்பர் வேணும். இந்தச் சின்ன மூடிய எந்த ரெண்டு கம்பி மேல செருகறமோ, அதுதான் கார்டுக்கு நம்பர். கடையில வாங்கும்போதே மூணுல இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்.

— மூணு நல்ல நம்பர்தான். பின்னாடி நீல பூத்துக்குப் பேரு எழுதியிருக்காருன்னு அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தியே.

— கேட்டுடுச்சா.

— சுவத்துக்குக் காது உண்டு. யாரு பேருன்னு நான் கேக்க மாட்டேன். எனக்குத் தெரியும். போன மாசம் என் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு. இனிமே உனக்குப் பாரம் குறையும் ஜெய்னபான்னு. வேற என்ன அர்த்தம் அதுக்கு?

— அதேதான் அர்த்தம்.

— அக்காகிட்ட இப்ப சொல்லாத. பாவம், வயசாச்சு. நெஞ்சு அடைச்சுக்கும்.

— அவங்களும் உங்களப் பத்தி இதே கவலைதான் பட்டாங்க சின்னக்கா. ரெண்டு பேரும் தங்கம்.

— என்னப் பத்தி அவங்க கவலைப்பட்டாங்களா? மழைதான் வரும்.

— என்ன மழை? ஜெய்னபா, அந்தப் பிள்ளை கைய விடு, வேலை செய்யட்டும். பாரிஸ்காரர் இன்னும் உள்ளதான். பேச ஆரம்பிச்சு மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் அவரோட தம்பியோட மாமியார் வீட்டுக் கழுதைக்கு சலாம் சொல்லி முடியல. என் மீட்டர் நல்லா ஓடுது.

— அப்ப இப்பவே பார்த்துடலாம் பெரியக்கா. கார்டப் போட்டு மெஷின ஆன் பண்ணியாச்சு, நீங்களும் வந்துட்டீங்க, சின்னக்கா மீட்டரயும் மாட்டிட்டேன். சின்னக்கா, உங்க பூத்துக்குள்ள போய் எங்கயாவது ஒரு நம்பர் போடுங்க. கதவத் திறந்தே வைங்க.

— சந்தைக்கடைக்குப் போடறேன். அடிக்குது. ஹலோ, நான்தான், ஜெய்னபா. சும்மாதான். தம்பி, வருதா?

— வருது, வருது. ரெண்டு வரியா ஓடு... ஒரு நிமிஷம்.

— என்ன ஒரு நிமிஷம்? என் வரி ஏன் நின்னுடுச்சு?

— ரெண்டும் நின்னுடுச்சு பெரியக்கா.

— இவ தொட்டா. தொட்டதும் நின்னுச்சு. பாரிஸ் ஓடிக்கிட்டு இருக்கு, மீட்டர் செத்துப் போச்சு. கேட்டுக்க, இதுதான் இவ ராசி. மனுஷன்கிட்ட வந்தா, மனுஷன் பேச்சு நின்னுச்சு. மெஷின்கிட்ட வந்தா, மெஷின் நின்னுச்சு.

— நான் வாயே திறக்கல அக்கா. ஆனா கேக்கறேன், அவரு உங்ககூட பேசறத நிறுத்தினது நான் வந்த அப்புறமா, அதுக்கு முன்னாடியா?

— அடியே.

— மெதுவா, மெதுவா. ரெண்டு பேரு மேலயும் தப்பு இல்ல, என் தப்பு. உங்க மீட்டர் இருக்கற போர்ட்டுக்கும் மூணுதான் நம்பர் பெரியக்கா. மறந்துட்டேன். மத்தியானம் சாப்பிட்ட மீன் கண்ணக் கட்டிடுச்சு.

— அதனால?

— ஒருத்தர் மட்டும் பேசினா ஒண்ணும் ஆகாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே நம்பர்ல கூப்பிட்டா, யாருக்குப் பதில் சொல்றதுன்னு மெஷினுக்குத் தெரியாது. கையக் கட்டிக்கிட்டு நின்னுடும்.

— எங்க வீட்டு ஆம்பளையப் பத்தி யாரோ உங்கிட்ட சொல்லியிருக்காங்க.

— இத மட்டும் அக்கா சரியா சொன்னாங்க.

— மெஷின ஆஃப் பண்ணி, மூடிய எடுத்து அஞ்சுல செருகறேன். அஞ்சு சும்மா கெடக்கு. அவ்வளவுதான். போட்டாச்சு. ஆன் பண்றேன். ப்ரோக்ராம்லயும் அஞ்சுன்னு சொல்லிட்டேன். பெரியக்கா, பாரிஸ் இருக்கா?

— இப்பத்தான் கழுதையத் தாண்டி ஆட்டுக்கு வந்திருக்காரு. பக்ரீதுக்கு ஆடு வாங்கப் பணம் அனுப்பச் சொல்றாரு.

— சின்னக்கா, மறுபடி போடுங்க.

— போட்டுட்டேன்.

— பாருங்க, ரெண்டு வரியும் தனித்தனியா ஓடுது. இனிமே ஒருத்தருக்கொருத்தர் இடைஞ்சல் இல்ல. ரெண்டு பேரும் வாங்க. பேரு அடிக்கணும். இந்தாங்க, அண்ணன் எழுதின சீட்டு. மெஷினோட சொந்த போர்ட்டு: நொகாய்.

— ம். வேற யாரு இருப்பா.

— கார்டுல மொத வாலு: ஜெய்னபா.

— அல்லாவே. அக்கா, என் பேரு. பச்சைக் கலர்ல வருது.

— எனக்கும் கண்ணு இருக்கு. மூணாவதப் படி தம்பி. நீல பூத்து. அவளும் கேட்டுக்கட்டும்.

— படி தம்பி. அக்காவும்தான் கேக்கட்டும்.

— கார்டுல ரெண்டாவது வாலு, நீல பூத்து: சோக்னா.

— யாரு?

— சோக்னா.

— தம்பி, இந்த வீட்டுல சோக்னான்னு ஒரு கோழிகூட கிடையாது.

— ரெண்டு பேரும் என்னச் சீண்டறீங்களா? தெரியும்னுதானே சொன்னீங்க. பெரியக்கா, சின்னக்காகிட்ட சொல்லாதன்னீங்க. சின்னக்கா, நீங்க பெரியக்காவுக்கு நெஞ்சு அடைக்கும்னீங்க.

— யாருடா சோக்னா?

— என் தங்கச்சி பெரியக்கா. போன வெள்ளிக்கிழமை காவ்லாக்ல ஜும்மா முடிஞ்சதும் பள்ளிவாசல்ல அண்ணனோட நிக்காஹ் ஆச்சு. கல்யாணத்துக்குப் பங்கு வைக்கற கோலாக் கொட்டையும் கொடுத்தாங்க. நானும்தான் உக்காந்திருந்தேன். பக்ரீத் கழிச்சு அவ இங்க வரா. அண்ணன் சொல்லலையா உங்ககிட்ட? நீங்க அந்த நடுத்துண்ட என் பக்கம் தள்ளினப்ப, சம்பந்தி வீட்டு மரியாதைன்னுல்ல நினைச்சேன்.

— என் கையால பிச்சு வச்சேன் ஜெய்னபா. முள்ளு எடுத்து.

— நான் ரெண்டு கட்டி சீனி கூடப் போட்டேன் அக்கா.

— திட்டவாவது திட்டுங்க.

— மூணாவது ரவுண்டு டீய அடுப்புலேர்ந்து எறக்கு ஜெய்னபா.

— எறக்கிட்டேன்.

— அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு என் பக்கத்துல உக்காரு.

— உக்காந்துட்டேன் அக்கா.

— மீட்டருக்கு சாமான் வாங்க காவ்லாக் போறேன்னாரு. வெள்ளைச் சட்டை வேணும்னாரு. நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். காலருக்குத் தனியாக் கஞ்சி வேற.

— வெள்ளிக்கிழமை என் நாளு அக்கா. கடைசி பஸ் போயிடுச்சுன்னு போன் பண்ணாரு. நான் நம்பல. உங்க வீட்டுல இருந்துகிட்டுப் பொய் சொல்றாருன்னு விடிய விடிய உங்களத்தான் திட்டினேன்.

— அதான் எனக்குப் புரை ஏறிக்கிட்டே இருந்துச்சா. அழாத. அழுதா இந்தத் திரை தெரியாது உனக்கு. ஆறு வருஷம் கழிச்சு வந்த பேரு, நல்லாப் பாரு.

— பார்த்துட்டேன் அக்கா. கீழயே இன்னொரு பேரும் இருக்கு.

— தம்பி, உன் மேல எனக்குக் கோவம் இல்ல, கேட்டுக்க. உன் தங்கச்சி மேலயும் இல்ல. அவளுக்கும் இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பாரு. அந்தச் சின்ன மூடி இப்ப எதுல இருக்கு?

— அஞ்சுல.

— எடுத்துப் பழையபடி மூணுலயே போடு.

— பெரியக்கா, மூணுல போட்டா நீங்களும் சின்னக்காவும் ஒரே நேரத்துல பேசினதும் எல்லாமே நின்னுடும். இப்பத்தானே பார்த்தீங்க.

— பார்த்தோம்.

— அண்ணன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?

— நான் வாயத் திறந்துட்டேன்னு சொல்லு தம்பி. அக்காவும் நானும் இனிமே ஒரே நேரத்துலதான் பேசுவோம்னு சொல்லு.