டன்டர் மேட்டில் ஏறிய பாரம்

நவம்பர் மாதம். மாலை நாலே முக்கால். டன்டர் மேடு.

வயோமிங்கில் குதிரை ஏற்றி ஓட்டுகிற நமக்கெல்லாம் அந்த மேடு தெரியும். ஏழு மைல் ஏற்றம். வீடு கிடையாது, விளக்கு கிடையாது, போன் எடுக்காது. பனி மூடினாலும் சாலை எங்கே என்று தெரிய ஓரமாக வரிசையாக நட்ட பனிக்கழிகள் மட்டும். பனிக்காற்றில் சாலையை மூடிவிட்டார்கள் என்று இந்தக் கடைக்குள் இப்படி ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம். விடிந்ததும் திறந்துவிடுவார்கள். திறந்தாலும் நான் டன்டர் வழியாகப் போகமாட்டேன். தொண்ணூறு மைல் சுற்றிக்கொண்டுதான் போவேன். ஏன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அந்தக் கதவை மட்டும் யாராவது சரியாகச் சாத்துங்கள்.

எனக்கு நடந்ததில்லை இது. என் சிநேகிதன் ராய்ஸுக்கு டார்லா என்று ஒரு தங்கை. அவள் புருஷன் ஆர்வில். அவர்களுக்கு நடந்தது. ஆர்வில் ராய்ஸிடம் மட்டும் சொன்னான். ராய்ஸ் என்னிடம் மட்டும் சொன்னான்.

சந்தையில் விலைபோன குதிரைகளை வாங்கியவர் பண்ணைக்குக் கொண்டுபோய் விடுவது ஆர்விலின் தொழில். ஆறு குதிரை நிற்கும் டிரெய்லர். காலியாகவே ஏழாயிரம் பவுண்டு. அதை இழுத்துக்கொண்டிருந்த பழைய டிரக் ஒரு நாள் எஞ்சின் போய் நின்றுவிட்டது. வேறு வண்டி வாங்க வேண்டும். அங்கேதான் புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறு ஆரம்பித்தது.

பின் அச்சுப் பல் விகிதம். மூணு நாற்பத்திரண்டா, நாலு பத்தா.

உங்களில் பாதிப் பேர் இதற்காகக் கைகலப்பு வரைக்கும் போவீர்கள் என்று தெரியும். புதிதாக வந்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதுதான் அந்த எண். எண் சின்னதென்றால் சமவெளியில் சுகமாக ஓடும், டீசல் மிச்சம். பெரியதென்றால் எஞ்சின் கத்தும், டீசல் குடிக்கும்... ஆனால் மலையில் இழுக்கும்.

டார்லா சின்ன எண் கட்சி.

"வருஷத்துல முந்நூறு நாள் சமவெளியிலதான் ஓட்டுற. ஒரே ஒரு மேட்டுக்காகக் காது கிழியக் கத்துற வண்டி எதுக்கு?"

"அந்த ஒரே ஒரு மேட்டுலதான் ஆறு குதிரையோட பின்னால உருண்டு போவேன். உனக்குப் பரவாயில்லன்னா சொல்லு."

கர்ட், நீ டார்லா கட்சி என்று எனக்குத் தெரியும். பேசாமல் கேள்.

கடைசியில் ஆர்வில்தான் ஜெயித்தான். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் பழைய டிரக் ஒன்று விலைக்கு நின்றது. பின்னால் இரட்டைச் சக்கரம், நல்ல டீசல் எஞ்சின், நாலு பத்து. ஓடியது கொஞ்சம்தான். விற்ற கிழவர் ஆர்விலின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லையாம். சாவியைக் கையில் கொடுக்காமல் வேலிக்கம்பத்தின் மேல் வைத்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். டன்டர் வழியாகப் போவீர்களா என்று. ஆர்வில் ஆமாம் என்றான். கிழவர், அவன் கேட்காமலேயே விலையில் ஐநூறு டாலர் குறைத்தார்.

எனக்கென்றால் அங்கேயே சந்தேகம் வந்திருக்கும். ஆர்விலுக்குச் சந்தோஷம் வந்தது.

அடுத்த வாரம் மேட்டுக்கு அந்தப் பக்கம் குதிரைகளை ஏற்றக் கிளம்பினான். டிரெய்லர் காலி. டன்டர் அடிவாரத்தை அடையும்போது நாலே முக்கால். வெளிச்சம் மங்கி, பனியெல்லாம் நீலமாகத் தெரிகிற நேரம்.

முதல் வளைவு தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கியது.

பள்ளத்தில் விழுந்த மாதிரி இல்லை. யாரோ ஏறிய மாதிரி. முன்விளக்கு வெளிச்சம் பனிக்கழியில் ஒரு முழம் மேலே போனது. எஞ்சின் முக்கியது. வேகம் நாற்பது, முப்பது... பதினெட்டு. உச்சி வரைக்கும் பதினெட்டு மைல் வேகத்தில் ஊர்ந்தான். உச்சியைத் தொட்டதும் வண்டி பிடி விட்ட மாதிரி முன்னால் துள்ளியது. இறங்கிப் போய் டிரெய்லரைத் திறந்து பார்த்தான். ஒன்றுமில்லை. பிரேக் பிடித்திருக்குமோ என்று சக்கரக் குடத்தைத் தொட்டான். பிரேக் பிடித்திருந்தால் கை பொரிந்துபோகும். குடம் சில்லென்று இருந்தது... மேலே பனிப்பொடி பூத்திருந்தது.

கிழவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு செய்தான். மூணு நாற்பத்திரண்டை நாலு பத்து என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின் அச்சின் மூடியைக் கழற்றினான். எண்ணெய் வடிந்த பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு பல்லை எண்ணினான். பெரிய பற்சக்கரத்தில் நாற்பத்தொன்று. சின்னதில் பத்து. மறுபடி எண்ணினான். நாற்பத்தொன்று, பத்து.

கிழவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் பற்கள் புத்தம் புதியவை. அச்சுக் கூட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு தேதி, 'இனெஸ்' என்று ஒரு பெயர். பக்கத்து ஊரில் மெக்கானிக் வேலை பார்க்கிற அம்மாள் அவள். ஆர்வில் நேரே அவளிடம் போனான். வண்டியைப் பார்த்ததுமே அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"இது மூணு நாற்பத்திரண்டா வந்த வண்டி, தம்பி. போன குளிர்ல அந்தக் கிழவருக்கு மூணு எழுபத்திமூணு மாத்திக் குடுத்தேன். ஆறே வாரத்துல வந்து நாலு பத்து போடுன்னார். மார்ச்சுல வந்து, இதுவும் பத்தல, இன்னும் பெரிசாப் போடுன்னார். மாட்டேன்னுட்டேன்."

"எதைத்தான் இழுத்தாரு?"

"காலி டிரெய்லர். நானே எட்டிப் பாத்தேன். வைக்கோல்கூட இல்ல."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆர்வில் வீட்டில் எதையும் சொல்லவில்லை. அதுதான் அவன் செய்த தப்பு. வாரத்துக்கு ஒரு தடவை அந்த மேட்டில் ஏறினான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக அமுங்கியது. பதினெட்டு மைல், பதினைந்து, பன்னிரண்டு. போகும்போது மட்டும், காலியாகப் போகும்போது மட்டும். குதிரைகளோடு திரும்பும்போது வண்டி பறந்தது. ஒவ்வொரு தடவையும் உச்சியில் நிறுத்தி டிரெய்லரையும் சக்கரங்களையும் சோதித்துவிட்டு, இரண்டு மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வருவான். டீசல் தொட்டி காலியாக இருக்கும். எங்கே போனாய் என்றால் ரோடு சரியில்லை என்பான்.

டார்லா என்ன நினைப்பாள்? நீங்கள் நினைக்கிறதைத்தான் அவளும் நினைத்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் எவளோ இருக்கிறாள். அவன் தூங்கின பிறகு சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். செண்ட் வாசனை இல்லை. நனைந்த கம்பளி வாசனை. அதோடு... ஊதி அணைத்த மண்ணெண்ணெய் விளக்கின் திரி வாசனை. அவர்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கே கிடையாது.

அடுத்த தடவை அவன் கிளம்பும்போது டார்லா கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"நானும் வரேன். உன் ரோடு எவ்வளவு சரியில்லன்னு பாக்கணும்."

வேண்டாம் என்று அவன் எவ்வளவோ சொன்னானாம். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தேகம் அதிகமானது.

அதே நாலே முக்கால். முதல் வளைவு.

பின்பக்கம் அமுங்கியது. ஒரே அமுக்கு இல்லை இந்தத் தடவை. ஒன்று... இன்னொன்று... இன்னொன்று. டார்லா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தான். வண்டிக்குள் அந்தக் கம்பளி வாசனை வந்தது. வேகம் பத்து. ஆறு. பாதி மேட்டில், வண்டி ஒதுக்குகிற இடத்துக்கு வந்ததும் நின்றேவிட்டது. முதல் கியரில் போட்டு மிதித்தான். எஞ்சின் அலறியது. வண்டி முன்னால் நகரவில்லை. பின்னால் நகர்ந்தது.

இரண்டு அடி. மூன்று அடி. பின்னால் வேலி கிடையாது. நேரே பள்ளம்.

ஆர்வில் பிரேக்கை மிதித்துக்கொண்டு சீட்டிலிருந்து எழுந்தேவிட்டான். கை பிரேக் தாங்கவில்லை. காலை எடுத்தால் வண்டி போய்விடும். டார்லாவைக் குதிக்கச் சொன்னான். அவள் குதித்தாள். ஆனால் ஓடவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டே பனியில் பின்னால் நடந்தாள். டிரெய்லருக்குப் பக்கத்தில் போனதும் நின்றாள். உள்ளே யாரோ இருமினார்கள். சின்ன இருமல். தூக்கத்தில் குழந்தை இருமுகிற மாதிரி.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை. டார்லா சின்ன வயதிலிருந்து குதிரைகளோடு வளர்ந்தவள். பாரம் தாங்காமல் நிற்கிற வண்டிக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தாள். தாழ்ப்பாளைத் தூக்கி, பின்கதவை அகலமாகத் திறந்து, ஓரமாக நின்றுகொண்டாள்.

"இறங்குங்க," என்றாள். "இதுக்கு மேல இந்த வண்டி இழுக்காது."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. காற்று மட்டும். பிறகு டிரெய்லருக்கு அடியில் பட்டை ஸ்பிரிங் முனகியது. டிரெய்லர் ஒரு விரற்கடை உயர்ந்தது. கதவின் மேல் கை வைத்திருந்த அவளுக்கு அது உள்ளங்கையில் தெரிந்தது. மறுபடி முனகல். மறுபடி ஒரு விரற்கடை. ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பனியில் தடம்கூட விழவில்லை. அவள் எண்ணினாள்.

முன்னால் பிரேக்கில் நின்றபடி ஆர்விலும் எண்ணினான். எதிரே இருந்த பனிக்கழியில் முன்விளக்கின் வெளிச்சம் படிப்படியாகக் கீழே இறங்கியது. ஒவ்வொரு இறக்கத்தையும் எண்ணினான்.

முனகல் நின்றது. டார்லா கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, முன்னால் வந்து ஏறினாள். ஆர்வில் காலை எடுத்தான். வண்டி மேலே நகர்ந்தது. உச்சி வரைக்கும் நாற்பது மைல் வேகம். உச்சியைத் தாண்டிய பிறகுதான் அவன் கேட்டான், எத்தனை எண்ணினாய் என்று.

"பதினாலு."

அவன் எண்ணியது பதின்மூன்று.

பதின்மூன்றுதானே என்று திரும்பக் கேட்டான். பதினாலுதான், நன்றாகத் தெரியும், கையை வைத்துக்கொண்டுதானே நின்றேன் என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அவளை அவனுக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும். அவன் தப்பாக எண்ணிவிட்டான் என்று தெரிந்தால் ஒரு வாரம் குத்திக்காட்டாமல் விடமாட்டாள். அன்றைக்கு விட்டுவிட்டாள்.

அன்றிரவு மேட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே தங்கினார்கள். அவன் தூங்கவில்லை. பதினாலு இருந்து பதின்மூன்றுதான் இறங்கியது என்றால், ஒன்று இன்னும் டிரெய்லருக்குள் இருக்கிறது என்று அவன் மனதில் விழுந்துவிட்டது. விடிந்ததும் குதிரைச் சந்தைக்குப் போனதும் முதல் காரியமாக எடை மேடையில் வண்டியை ஏற்றினான். எதற்கு என்று டார்லா கேட்டாள். சும்மா என்றான்.

மேடைக்கு முன்னால் பெரிய சிவப்பு எழுத்தில் எண் தெரியும். காலி வண்டி, காலி டிரெய்லர், இரண்டு பேர், டீசல் எல்லாம் சேர்ந்து எவ்வளவு வர வேண்டும் என்று அவனுக்கு மனப்பாடம். அதற்கு மேல் ஆயிரத்து இருநூற்று நாற்பது பவுண்டு கூடுதலாகக் காட்டியது.

அவன் நினைத்தது சரி. ஒன்று இறங்கவில்லை. பயமாக இருந்தாலும், எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே என்று ஒரு நிம்மதி. டிரெய்லரை இங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

டார்லா, காபி வாங்கி வருகிறேன் என்று கதவைத் திறந்து இறங்கினாள்.

டார்லாவின் எடை நூற்று நாற்பது பவுண்டு. அவன் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மேடையைவிட்டுக் கால் எடுத்து வைத்ததும் எண் குறைந்தது.

நூற்று நாற்பது இல்லை. ஆயிரத்து முந்நூற்று எண்பது குறைந்தது.

அவள் முற்றத்தைக் கடந்து கடைக்குள் போனாள். கோட்டைச் சரிசெய்துகொண்டு, எப்போதும் நடக்கிற மாதிரிதான் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையிலும் காபியோடு திரும்பி வந்தாள். எவ்வளவு காட்டுகிறது என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். சரியாக இருக்கிறது என்றான் ஆர்வில். அவளிடம் இன்று வரைக்கும் அவன் வேறெதுவும் சொன்னதில்லை.

அவள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். வண்டி அவள் பக்கமாக... மெல்ல... சாய்ந்தது.