பொம்மைக்கு வேர்த்தது

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் படகில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு கொத்தனார்கள். ஒருவர் மீசைக்காரர், மற்றவர் அவருடைய மச்சினன்.

“பொம்மைக்கு வேர்க்குதுன்னு ஏசி வாங்கிட்டாங்க,” என்றார் மீசைக்காரர். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“எந்தப் பொம்மை அத்தான்?”

“காக்கநாட்டுல ஆராய்ச்சிக் கட்டடம் கட்டினோமே, ஏசியே வேண்டாம், காத்துலயே குளிரும்னு சுவர் பூரா ஓட்டை வச்சு? உள்ள மனுஷனுக்கு எவ்வளவு சூடு தெரியும்னு பார்க்க, ஆள் உசரத்துல ஒரு பொம்மைய உக்கார வச்சாங்க. உடம்பெல்லாம் வயரு.”

“அதுக்கு?”

“அப்ப எனக்கு அது தெரியாது, திருஷ்டி பொம்மைன்னு நெனச்சேன். புதுக் கட்டடத்துல அதை உள்ள வச்சா யாரு கண்ணுல படும்? நான்தான் மொட்டைமாடியில ரோட்டப் பார்க்கக் கட்டிவிட்டேன். வயரும் எட்டுச்சு.”

“சாருமாரு ஒண்ணும் சொல்லலையா?”

“அவங்க எங்க வர்றாங்க? பழைய ஆபீஸ்ல ஏசியில உக்காந்து, சாயா குடிச்சுட்டே கம்ப்யூட்டர்ல பார்க்குறாங்க. உள்ள இருந்தா மனுஷன் வெந்துருவான்னு எழுதிட்டாங்க. ஓட்டையெல்லாம் அடைச்சோம், ஏசி மாட்டியாச்சு.”

“இப்ப சரியாயிடுச்சா?”

“எங்க? பொம்மைக்கு இன்னும் வேர்க்குதாம். ரெண்டாவது ஏசிக்கு இன்னைக்குச் சுவர் உடைக்கணும்.”

மச்சினன் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம் அத்தான், வெயில்ல காயுது. தலையில ஒரு துண்டாவது போட்டு விடலாமே?”

“தொட்டுறாத. அதைக் கட்டின நாள்லருந்து நமக்கு வேலையே நிக்கல.”