எண்ணெய்க் கிண்ணமும் பவுனின் இறகும்

நாற்பது புறாக்களுக்கும் தீனி வைத்துவிட்டு, வாசுதேவநல்லூரிலிருந்து முதல் பேருந்தில் வந்து இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மன்றத் தலைவர் முத்துகுமரன் அவர்களே! வாய் திறந்து சொல்லத் தெரியாத உயிர்களின் வலியை எச்சத்தைப் பார்த்தே கண்டறியும் கால்நடை மருத்துவர் ஸ்ரீமதி அவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்து அமர்ந்திருக்கும் மூத்தோரே! கூண்டைக் கழுவுவதும் தண்ணீர் மாற்றுவதும் நீங்களாகவே இருந்தும், 'இது எங்க வீட்டுக்காரர் வளர்க்கிறது' என்று பெருமையை மட்டும் விட்டுக்கொடுத்துவிடும் தாய்மார்களே! சுரண்டையிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்திருக்கும் இளைய தோழர்களே! தென்காசிப் பறவை வளர்ப்போர் மன்றத்தின் இந்த மாலைப் பொழுதில் உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியவன் நான். இறகின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னவன். படம் வரையத் தெரிந்த எனக்கு, பக்கத்துத் தெருவில் ஒரு பறவையின் இறகு உதிர்ந்தபோது அதன் பொருள் தெரியவில்லை. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பாடமாக அல்ல, பாவத்தை ஒப்புக்கொள்வதாக.

குற்றாலத்தில் என் வீட்டுக்கு அடுத்த தெருவில் நல்லதம்பி குடியிருக்கிறார். அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். உங்களில் பாதிப்பேர் முதுகு அவர் கைக்குப் பழக்கம் என்று நினைக்கிறேன். ஆமாம், அதோ ஒருவர் தலையாட்டுகிறார்! நரம்பு பிடித்துக்கொண்டு வந்தவனை நிமிர்ந்து நடக்க வைக்கிற கை அது. எந்த நோவுக்கும் எண்ணெயில் மருந்து உண்டு என்று நம்புகிற கை அது.

அவர் மனைவி மங்களேஸ்வரிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்தது. வலக்கால் விழுந்தது. எல்லாவற்றிலும் கொடிதாக, பேச்சு விழுந்தது. 'தினமும் பேசிப் பழகணும்' என்றார் மருத்துவர். ஆனால் குழறுகிற நாக்கை வைத்துக்கொண்டு மனிதரிடம் பேச அந்த அம்மாவுக்குக் கூச்சம். யார் வந்தாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

அப்போது நல்லதம்பி ஒரு சோடி காக்கடீல் பறவைகளை, கொண்டை வைத்த சின்னக் கிளிகளை, வாங்கி வந்து அவர் கட்டிலருகே வைத்தார். ஆணுக்கு ராசா என்று பெயர், பெண்ணுக்குப் பவுனு. ராசா சீழ்க்கை அடிக்கும். அந்த அம்மா பதிலுக்கு ஏதோ ஒலிப்பார். அது மறுபடி சீழ்க்கை அடிக்கும். திருத்தாத பறவை, சிரிக்காத பறவை, 'என்ன சொன்ன?' என்று திருப்பிக் கேட்காத பறவை! அந்தப் பறவையிடம் அவர் சொல் சொல்லாகப் பேசத் தொடங்கினார். நல்லதம்பி கதவுக்கு வெளியே நின்று கேட்பாராம், உள்ளே போனால் நின்றுவிடும் என்று.

சென்ற ஆண்டு சாரல் தொடங்கிய நாளில் இரண்டுக்கும் இறகு உதிரத் தொடங்கியது. கழுத்தில் வழுக்கை விழுந்தது. சிறகுக்கடியில் தோல் தெரிந்தது. ராசா சீழ்க்கையை நிறுத்திவிட்டது. பறவை வாயை மூட, மங்களேஸ்வரியும் வாயை மூடினார்.

அந்த வழியாகப் போன என்னை நல்லதம்பி நிறுத்தினார். "ஸார், எப்படி கொட்டுது பாருங்க. என்ன செய்யலாம்?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது இறகு உதிர்க்கிற காலம்பா, தானா முளைச்சிரும்" என்றேன். சொல்லிவிட்டு நடந்தேன். அது தினமும் என்ன தின்கிறது என்று கேட்டேனா? கேட்கவில்லை. கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேனா? பார்க்கவில்லை. எத்தனையோ மாணவரிடம் 'காரணம் கூறுக' என்று கேட்ட நான், அன்று ஒரு காரணமும் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து அதே வழியாகப் போன என்னை நல்லதம்பி தன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். "ஸார், கொஞ்சம் வாங்க. ராசா செத்துப் போச்சு."

போனேன். தாளில் சுற்றி வைத்திருந்த அந்தச் சின்ன உடலைத் தொட்டேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"என்ன நல்லதம்பி இது?"

"எண்ணெ ஸார். நம்ம தலைக்கு முடி கொட்டுனா தேய்க்கோம்லா? மூலிகை எல்லாம் போட்டு நானே காய்ச்சுன எண்ணெ. மூணு நாளா ராசாவுக்கு மட்டும் காலைல காலைல தேய்ச்சேன். குளிராம இருக்கட்டும்னுதான் ஸார் தேய்ச்சேன்."

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், தம்பி. குற்றாலத்தில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் அந்த எண்ணம்தான் முதலில் வரும். எண்ணெய் தேய்த்துக் குளித்தே உடம்பைத் தேற்றுகிற ஊர் இது. ஆனால் முடி வேறு, இறகு வேறு. இறகுகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்துத்தான் பறவை தன் சூட்டைக் காக்கிறது. எண்ணெய் பட்டதும் இறகு ஒட்டிக்கொள்கிறது, காற்று போய்விடுகிறது. கொட்டுகிற சாரலில் ஒரு மனிதனின் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்க வைத்தது போல. போதாததற்கு, அலகால் கோதிக் கோதி அந்த எண்ணெயை அது விழுங்கவும் செய்யும். அன்பு கொன்றது, நண்பர்களே. அலட்சியம் அல்ல, அன்பு கொன்றது!

நல்லதம்பி மூலையிலிருந்து கிண்ணத்தை எடுத்தார். "இவனுக்கு எண்ணெ பத்தலன்னு நெனைக்கேன் ஸார். பவுனுக்கு லேசா சுட வச்சுத் தேய்ச்சுப் பாக்கேன்" என்று கூண்டைத் திறந்தார். பவுனு கம்பியோரம் ஒடுங்கியது. நான் தடுக்க வாயெடுத்தேன். அதற்கு முன்னால், கட்டிலிலிருந்து வந்தது ஒரு குரல்.

"வேண்... டாம்."

இருவரும் திரும்பினோம். சுவரைப் பார்த்தே கிடந்த அந்த அம்மா எங்களைப் பார்த்துக் கிடந்தார். கண்ணில் நீர். "வேண்டாம்" என்றார் மறுபடி. பக்கவாதம் வந்த பின் ஒரு மனித முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் சொல் அது. நல்லதம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் பவுனைத் தூக்கிக்கொண்டு டாக்டர் ஸ்ரீமதியிடம் போனோம். அவர் உண்ணியோ நோயோ இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இல்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "என்ன தீனி போடுதீங்க?"

"தினை, டாக்டரம்மா. சூரியகாந்தி வெத. நல்லா விரும்பித் திங்கும். ஒரு நாள் கூட கொறை வச்சதில்ல."

"வேற?"

"வேற எதுக்கு?"

"அண்ணாச்சி, ஒரு வருசம் நீங்க வெறும் வெள்ளச்சோறு மட்டும் சாப்பிட்டுட்டு, மேலுக்கு எண்ணெ தேய்ச்சா ஒடம்புல பலம் வருமா?"

நல்லதம்பி தொழிலில் பெயரெடுத்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இறகு எதனால் ஆனது? பெரும்பகுதி புரதத்தால் ஆனது. பழைய இறகை உதிர்த்துப் புதிய இறகை நெய்கிற காலத்தில் பறவைக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். தினை மட்டும் தின்றால் எங்கிருந்து கிடைக்கும்? தோல் வறளாமல் இருக்க வைட்டமின் ஏ வேண்டும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு உண்டு, வைட்டமின் ஏ எங்கே உண்டு? ஆகவே முளைகட்டிய பாசிப்பயறு கொடுங்கள். வாரம் இருமுறை அவித்த முட்டையில் ஒரு சிறு துண்டு கொடுங்கள், இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். துருவிய கேரட், மஞ்சள் பூசணி, கழுவிய முருங்கைக்கீரை, கொத்தமல்லி. சுண்ணாம்புச் சத்துக்குக் கூண்டில் ஒரு கணவாய் மீன் ஓடு. காலை இளவெயில், கண்ணாடி வழியாக அல்ல, நேராக. குளிக்க வெறும் தண்ணீர். வெறும் தண்ணீர்!

என்னம்மா, கை தூக்குகிறீர்கள்? சைதூன் பீவி அம்மா கேட்கிறார்கள், மகன் துபாயிலிருந்து அனுப்பிய மீன் எண்ணெய் மாத்திரையை உடைத்து ஊற்றலாமா என்று. நல்ல வேளை, ஊற்றும் முன் கேட்டீர்கள் தாயே! மனிதனுக்குத் தயாரித்த மாத்திரை, நூறு கிராம் எடைகூட இல்லாத பறவைக்கு எப்படிப் பொருந்தும்? வைட்டமின் ஏயும் டியும் கூடினால் உடம்பிலேயே தங்கி நஞ்சாகும். சத்து மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பவுனுக்கும் டாக்டர் ஒரு பொடி கொடுத்தார். எவ்வளவு, எத்தனை நாள் என்று அளந்து கொடுத்தார். அளவை மருத்துவர் சொல்லட்டும், ஆசை சொல்ல வேண்டாம்.

ஆனால், அவையோரே, தட்டில் வைத்துவிட்டால் பறவை தின்றுவிடுமா? பவுனு கேரட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீரையை மிதித்துவிட்டுத் தினைக்குப் போனது. ராசா போனதிலிருந்து மங்களேஸ்வரியும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு உயிரும் ஒரே அறையில் வற்றிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் திங்கக்கூடியதுன்னு அதுக்குத் தெரியணும்னா, யாராச்சும் அது முன்னால திங்கணும்" என்றார் டாக்டர். யார் தின்பது? நல்லதம்பி அருவிக்குப் போய்விடுவார். மறுநாள் காலை அந்த அம்மா இடக்கையை நீட்டி ஒரு துண்டு கேரட்டைக் கேட்டு வாங்கினார். கூண்டுக்கு நேராகப் பிடித்து, மெல்லக் கடித்தார். மென்றார். கம்பி வழியே ஒன்றை நீட்டினார். ஒரு நாளல்ல, இரு நாளல்ல, பதினோரு நாள் செய்தார். பன்னிரண்டாம் நாள் பவுனு அருகே வந்து அலகால் தொட்டது, கொறித்தது. அதற்குள் பறவைக்காகத் தின்றே அந்த அம்மாவுக்கும் பசி திரும்பியிருந்தது!

கொடுக்கும்போது ஒவ்வொன்றின் பெயரையும் அவர் சொன்னார். "கீர." "முட்ட." "பயறு." முருங்கை மட்டும் வர ஒரு மாதம் ஆனது. நல்லதம்பி வெளியே நின்று கேட்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்து கேட்டார். பேச்சு நிற்கவில்லை.

ஐப்பசியில் பவுனின் கழுத்தில் முள் போல் குருத்து முளைத்தது. கார்த்திகையில் அது விரிந்தது. இன்று அந்தப் பறவைக்கு வழுக்கை இல்லை. ஆனால் கூண்டில் ஒன்றுதான் இருக்கிறது. எத்தனை கீரை கொடுத்தாலும் இரண்டாவது திரும்பி வராது.

போன வாரம் நல்லதம்பி வீட்டுக்குப் போனேன். "மேடையில் இதைப் பேசப் போறேன், பேரை மாத்திச் சொல்லிக்கிடுதேன்" என்றேன். எண்ணெயை நம்பிப் பிழைக்கிறவர் ஆயிற்றே, ஊர் சிரித்தால் என்ன ஆவது என்று எனக்குக் கவலை.

அவர் சொன்னார், "வேண்டாம் ஸார். எம் பேரச் சொல்லியே சொல்லுங்க. பேரில்லாம சொன்னா, எவனோ கிறுக்கன் செஞ்சான்னு கேட்டுட்டு, அவனவன் வீட்டுக்குப் போயி எண்ணெயத்தான் எடுப்பான். அருவியில எண்ணெ தேய்க்கிற நல்லதம்பியே கொன்னுட்டாம்னு சொன்னாத்தான் கை நிக்கும்."

நான் மங்களேஸ்வரியைப் பார்த்தேன். இது அவர் வீட்டுக் காயம் அல்லவா? அந்த அம்மா சுவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். உதடு கூடியது, பிரிந்தது, மறுபடி கூடியது.

"சொல்லுங்க... ஸார்" என்றார்.

சொல்லிவிட்டேன், தாயே. இந்த அவை நிறையச் சொல்லிவிட்டேன்.

கூடியிருக்கும் நீங்களும் உங்கள் தெருவில் சொல்லுங்கள். உங்கள் தவறையும் உங்கள் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள். பெயரோடு சொன்ன தவறு ஒரு கூண்டையாவது காக்கும். பொறுமையாக அமர்ந்து கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும் சிறகுகளுக்கும் சேர்த்தே என் வணக்கம்.